கல்யாணப் பத்திரிகையும் பட்டுத் துண்டும்

பட்டுப் புடவையோடு வரும் பிளவுஸ் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர் இருக்கும். முதுகு, முன்பக்கம், கை, பட்டி எல்லாம் வெட்டி எடுத்த பிறகும் கைக்குழி வளைவில் இரண்டு துண்டு, கழுத்தில் ஒரு துண்டு, ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு நாடா மிஞ்சும். அதில் வேறு எதையும் தைக்க முடியாது. குப்பையில் போடவும் எனக்கு மனசு வராது. ஒரு பொண்ணு தன் முகூர்த்தத்துக்காகக் கடை கடையாக ஏறி இறங்கி, அம்மாவோடு சண்டை போட்டு, கடைசியில் பிடித்துப்போய் எடுத்த நிறம் அது.

நான் சாத்தூரில் தையல் வேலை செய்கிறேன். கல்யாண பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் கூடவே பத்திரிகையும் வைத்துவிட்டுப் போவார்கள். தைத்ததை வாங்க வரும்போது மிச்சத் துணியை எடுத்துக் காட்டுவேன். உபயோகப்படுகிற அளவு இருந்தால் அவர்களிடமே கொடுத்துவிடுவேன். உதிரித் துண்டை மட்டும், “இதை நான் வச்சுக்கட்டுமா?” என்று கேட்பேன். “வச்சுக்கோங்கக்கா, எனக்கு அது எதுக்கு” என்பார்கள். அந்தத் துண்டை அவர்கள் வைத்த பத்திரிகைக்குள்ளேயே மடித்து வைத்து அலமாரியில் அடுக்கிவிடுவேன். மார்கழி பிறந்ததும் அந்த அடுக்கை இறக்குவேன். அந்த வருஷம் கல்யாணமாகிப் போன பொண்ணுகளுக்கு, அவரவர் பத்திரிகையிலும் அவரவர் பட்டிலுமே தலைப்பொங்கல் வாழ்த்து அட்டை செய்து தபாலில் அனுப்புவது என் வழக்கம்.

மிஞ்சிய பொருளில் கைவேலை செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இதை வைத்து என்ன செய்யலாம் என்றுதான் பெரும்பாலும் யோசிப்பார்கள். நான் யோசிப்பது, இது யாருடையது என்று. அது தெரிந்துவிட்டால் என்ன செய்வது, யாருக்கு அனுப்புவது என்ற கேள்வியெல்லாம் தானாகவே தீர்ந்துவிடும். எந்தக் கடையில் தேடினாலும் ஒரு பொண்ணுக்கு அவளுடைய முகூர்த்தப் பட்டில் செய்த அட்டை கிடைக்காது. அந்தத் துணி அவளிடம் இருக்கிறது, என்னிடம் இருக்கிறது, வேறு எங்கும் இல்லை.

எனக்கு விவரம் தெரிந்த நாளில் பொங்கல் வாழ்த்து என்பது ஒரு பெரிய வியாபாரம். டிசம்பர் கடைசியிலேயே கடை வாசலில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்க விட்டுவிடுவார்கள். பானை, கரும்பு, காளை மாடு, உழவர் குடும்பம், சாமி படங்கள், அப்புறம் எம்.ஜி.ஆர்., சிவாஜி, ரஜினி, கமல். பெரும்பாலும் பக்கத்திலிருக்கும் சிவகாசியில் அச்சானவை. உறையை ஒட்டாமல் மூடியை உள்ளே செருகி, மேலே ‘புக் போஸ்ட்’ என்று எழுதிப் போட்டால் தபால் தலைச் செலவு குறையும் என்று வீட்டில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சித்தப்பா, மாமா, பக்கத்துத் தெருவிலேயே இருக்கும் பள்ளிக்கூடச் சிநேகிதி என்று எல்லோருக்கும் அனுப்புவோம். வந்த அட்டைகளைச் சுவரில் வரிசையாக ஒட்டி வைப்போம். செல்போன் வந்தது, அந்தக் கயிறுகள் இறங்கிவிட்டன. இப்போது பொங்கல் அன்று காலையில் ஒரே படம் பத்துப் பேரிடமிருந்து போனுக்கு வருகிறது. அனுப்புகிறவர்களின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதலில் பத்திரிகையைப் பிரிக்க வேண்டும். இன்றைய பத்திரிகைகளில் மேலட்டை, உள்ளே இரண்டு மூன்று தாள், ஒட்டிய பிள்ளையார், பட்டு நூல் குஞ்சம், தங்க ஃபாயிலில் அச்சிட்ட ஓரம், கனமான உறை என்று ஏகப்பட்ட சாமான் இருக்கிறது. உள்தாள்கள் பலதும் ஒரு பக்கம் மட்டுமே அச்சானவை. பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். எழுதுவதற்கு அதுதான் நல்ல இடம். மேலட்டை பளபளவென்று இருக்கும், ஆனால் அதில் மையும் நிற்காது, பசையும் பிடிக்காது. ஒட்டப்போகிற இடத்தை மட்டும் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் பளபளப்பு போய் பசை பிடித்துக்கொள்ளும்.

சாமி படம் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் பத்திரிகைகள் மலைபோலச் சேர்வதற்கே அதுதான் காரணம். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் படத்தோடு வந்ததை எப்படிக் குப்பையில் போடுவது? பழைய பேப்பர் கடைக்குப் போட்டால் யார் காலில் மிதிபடுமோ? என் மாமியார் இதற்காகவே பத்திரிகைகளைப் பரணில் கட்டிக் கட்டி வைத்திருந்தார். நான் இந்த வேலையைத் தொடங்கியபோது அவர் சொன்னது ஒன்றுதான்: “சாமி மேல கத்திரி படக்கூடாது, பேர் மேலயும் படக்கூடாது.” இன்று வரை அப்படித்தான் செய்கிறேன். உருவத்தைச் சுற்றி இடம் விட்டு முழுசாக வெட்டி எடுப்பேன். எடுத்ததைத் தனி உறையில் போட்டு வைத்து, புதுமனை புகுவிழாவுக்கோ கடை திறப்புக்கோ அட்டை செய்யும்போது மேலே வைப்பேன். பொண்ணு மாப்பிள்ளை பெயர் இருக்கும் வரியை அப்படியே நீளமாக எடுத்து தலைப்பொங்கல் அட்டையின் உள்பக்கம் ஒட்டுவேன். மாமியார் சொன்னதை வெறும் சம்பிரதாயமாக நான் நினைக்கவில்லை. பெயரை நடுவில் வெட்டினால் யாருக்குத்தான் நன்றாக இருக்கும்?

அடுத்தது மடிப்பு. கையால் செய்த அட்டை கோணலாகத் தெரிந்தால் பத்துக்கு எட்டு முறை மடிப்பில்தான் கோளாறு. துணியில் நீள இழை, குறுக்கிழை இருப்பதுபோல மெஷினில் ஓடி வந்த தாளுக்கும் நாரின் ஓட்டம் ஒன்று உண்டு. அட்டையை மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள், முதலில் ஒரு பக்கமாக, பிறகு மறுபக்கமாக. எந்தப் பக்கம் எதிர்க்காமல் வளைகிறதோ அதுதான் ஓட்டத்தை ஒட்டிய மடிப்பு. அப்படி மடித்தால் வெடிக்காது. ஓட்டத்துக்குக் குறுக்கே மடித்தால் நிறம் உடைந்து வெள்ளை நார் பல்லைக் காட்டும். மை தீர்ந்த பால் பாயிண்ட் பேனாவை ஸ்கேல் வைத்து அழுத்தி ஒரு கோடு இழுத்து, அந்தப் பள்ளம் வெளிப்பக்கம் வரும்படி மடிக்க வேண்டும். உள்ளே மேடாக நிற்கும் கோடு மடிப்பில் அடங்கிக்கொள்ளும். பலர் பள்ளத்தை உள்ளே விட்டு மடிக்கிறார்கள். கனமான அட்டையில் அது வெளிப்பக்கத்தை இழுத்துக் கிழித்துவிடும். மடித்த பிறகு எவர்சில்வர் கரண்டியின் முதுகால் ஒரு தடவை நீவி விடுங்கள்.

துணிக்கு வருவோம். பட்டைச் சின்ன வடிவத்தில் வெட்டினால் ஓரம் நூல் நூலாகப் பிரியும். நேராகப் பசை தடவினால் ஈரம் மேலே ஊறி, காய்ந்த பிறகும் கறையாக நிற்கும். இரண்டுக்கும் ஒரே மருந்து, கழுத்துப் பட்டிக்கு வைக்கிற, இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் கேன்வாஸ். அதுவும் தையல் வேலையில் மிஞ்சுகிற பொருள்தான். பட்டின் பின்பக்கம் கேன்வாஸை வைத்து, மேலே ஒரு பருத்தித் துணி போட்டு, அளவான சூட்டில் அழுத்தினால் துணி தாள்போல ஆகிவிடும். அப்புறம் பானை வடிவமோ மாங்காய் வடிவமோ கத்திரி சொன்னபடி கேட்கும்.

தலைப்பொங்கல் அட்டையில் நான் வைப்பது எப்போதும் பானைதான். பானை முகூர்த்தப் பட்டில். கழுத்தில் கட்டிய மஞ்சள் கொத்துக்கு மஞ்சள் லேஸ் துணுக்கும் இரண்டு பச்சை நூலும். கரும்புக்கு மட்டும் எங்கள் ஊர்ப் பொருள் ஒன்று இருக்கிறது: தீப்பெட்டித் தொழிலில் வரும், மருந்து வைக்காத வெறும் குச்சி. அதில் புடவைக்குக் குஞ்சம் கட்டி மிஞ்சிய அரக்கு நிறப் பட்டு நூலை இறுக்கிச் சுற்றி, நடுவில் நடுவில் ஒரு முடிச்சுப் போட்டால் கணு வந்துவிடும். மேலே பச்சைக் கரைத் துணியில் தோகை. வீட்டில் இருக்கும் தீக்குச்சியை எடுத்துச் செய்துவிடாதீர்கள். மருந்துள்ள குச்சி தபாலில் அனுப்பக் கூடாத பொருள்.

இதையெல்லாம் நான் பசையால் ஒட்டுவதைவிட மெஷினில் தைப்பதையே விரும்புகிறேன். தாளில் தையல் ஓடும் சத்தமே எனக்குப் பிடிக்கும். தாளைத் தைக்கும்போது தையலை நீளமாக வைக்க வேண்டும். நெருக்கமாகப் போட்டால் ஓட்டை மேல் ஓட்டை விழுந்து, தபால் தலை பிய்வதுபோல அந்தக் கோட்டிலேயே அட்டை கழன்று வந்துவிடும். தாள் ஊசியை மழுக்கிவிடும் என்பதால், துணிக்கு ஆகாத பழைய 16 நம்பர் ஊசிகளை இதற்கென்றே ஒரு மாத்திரை டப்பியில் சேர்த்து வைத்திருக்கிறேன். தாளில் தப்பான இடத்தில் விழுந்த ஓட்டையை மறைக்க முடியாது, அதனால் முதலில் பென்சிலில் கோடு போட்டுக்கொள்வது நல்லது. தையல் முடிகிற இடத்தில் திரும்பப் பின்னோக்கித் தைக்காமல், இரண்டு பக்க நூலையும் அட்டையின் பின்னால் இழுத்துக் கையால் முடிச்சுப் போடுங்கள். நூலே கோக்காமல் வெறும் ஊசியை ஓட்டினால் புள்ளிக் கோடு கிடைக்கும். அதைக் கோலமாகப் போட்டு விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் புள்ளி புள்ளியாக வரும்.

ஆரி வேலையில் மிஞ்சும் சமிக்கி, பாசி, கண்ணாடிச் சில் எல்லாவற்றையும் அட்டையில் கொட்டிவிட ஆசையாகத்தான் இருக்கும். கொஞ்சம் பொறுங்கள். தபாலுக்கு எடைக் கணக்கு இருக்கிறது. சாதாரணக் கடிதம் 20 கிராம் வரை 5 ரூபாய்த் தலையில் போகும். அட்டையின் கனத்தை ஜிஎஸ்எம் என்று சொல்வார்கள், ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்ற கணக்கு அது. ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே 300 ஜிஎஸ்எம் அட்டை ஏ4 அளவில் 18.75 கிராம் வந்துவிடும். உறையோடு சேர்த்தால் 20-ஐத் தாண்டிவிடும். அதே அட்டையைப் பாதியாக வெட்டி, ஏ5 துண்டை மடித்து அட்டையாக்கினால் சுமார் ஒன்பதரை கிராம்தான். உறைக்கு நான்கைந்து கிராம் போனாலும் பட்டுக்கும் நூலுக்கும் இடம் மிச்சம் இருக்கும். எடை கூடிய உறையில் தலை குறைவாக ஒட்டியிருந்தால், குறைந்த தொகையைப் போல இரண்டு மடங்கு வாங்கிக்கொள்கிறவரிடம் கேட்பார்கள். வாழ்த்து அனுப்பிவிட்டு அவர்களைக் காசு கொடுக்க வைக்கக் கூடாது. இன்னொன்று, உறையின் வலது மேல் மூலையில் முத்திரை குத்துவார்கள். அதன் கீழே பாசியோ கல்லோ வந்தால் உடைந்து உறையையும் கிழிக்கும். அலங்காரத்தை இடது கீழ்ப் பக்கமாக வைத்துவிடுங்கள். கண்ணாடிச் சில்லை நேரில் கொடுக்கிற அட்டைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பசை வேண்டிய இடத்தில் மைதாவே போதும். ஒரு பங்கு மாவை ஐந்து பங்கு பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் வெள்ளை மாறிக் கண்ணாடியாக வரும். பைண்டிங் வேலை செய்கிறவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், என்னோடு பிள்ளைகள் உட்கார்ந்து வேலை செய்வதால் நான் சேர்ப்பதில்லை. அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சிக்கொள்வேன்.

அரையாண்டுத் தேர்வு லீவில் தெருப் பிள்ளைகள் என் கடைத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பிடித்த பொருள் தினசரி காலண்டர் தாள். எங்கள் பக்கத்தில் அது கிடைக்காத வீடு கிடையாது. ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருஷத்துக்கான காலண்டர் ஆல்பம் வெளியாகும். மார்கழிக்குள் கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு புதுக் காலண்டர் வந்துவிடும். தினமும் கிழித்துப் போடும் அந்தத் தாளில் தமிழ்த் தேதி, கிழமை, நட்சத்திரம், திதி எல்லாம் இருக்கிறது. தெரிந்தவர் வீட்டில் குழந்தை பிறந்தாலோ, ஒரு பொண்ணுக்கு முகூர்த்தம் என்றாலோ, அன்றைய தாளைக் கசங்காமல் கிழித்துப் பத்திரப்படுத்துவேன். முதல் பிறந்தநாள் அட்டையின் உள்ளே அந்தத் தாளை ஒட்டினால் வேறு அலங்காரமே வேண்டாம். பக்கத்து வீட்டு மதினி தன் பேரன் பிறந்த நாளின் தாளைப் பார்த்துவிட்டு, “இதை எப்ப எடுத்து வச்ச?” என்று கேட்டு, ராசிபலன் வரி வரைக்கும் வாய்விட்டுப் படித்தார். நல்ல பலன்தான் போட்டிருந்தது.

எழுதுவதற்கு நான் நிப் பேனாதான் வைத்திருக்கிறேன். சாத்தூர் என்றால் சேவு எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஒரு காலத்தில் பேனா நிப்புக்கும் எங்கள் ஊர் பேர்போனது. பால் பாயிண்ட் பேனா வந்து அந்தத் தொழிலைச் சுருக்கிவிட்டது. என் அப்பா பெட்டியில் கிடந்த நிப்புகள் சில என்னிடம் இருக்கின்றன. முனையைக் கொஞ்சம் சாய்வாகத் தேய்த்துக்கொண்டால் எழுத்தில் தடிமனும் மெலிவும் மாறி மாறி வரும். உள்தாளின் வெள்ளைப் பக்கத்தில் எழுதும் முன் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள், மை பரவினால் அந்தத் தாளை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

என்ன எழுதுவது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ‘இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்’ மேலே இருக்கட்டும், நல்ல வார்த்தைதான். அதற்குக் கீழே அந்த ஆளுக்கு மட்டுமே பொருந்துகிற ஒரு வரி வேண்டும். நான் ஒரு பொண்ணுக்கு எழுதினேன்: “கை இறக்கம் இன்னும் அரை இஞ்ச் கூட்டுங்கக்கா என்று மூன்று தடவை வந்தாயே, அந்தக் கைத் துண்டுதான் இந்தப் பானை.” அவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். அட்டை கிடைத்ததும் போன் செய்தாள். முதலில் பேச்சே வரவில்லை. அப்புறம், “அக்கா, எங்க அத்தை இதை சாமி அலமாரியில வச்சுட்டாங்க” என்றாள். அவள் மாமியாரும் போனை வாங்கி, “ஏம்மா, நீங்க யாரு, நம்ம சொந்தமா?” என்று விசாரித்தார். தையல்காரி என்றேன். “தைச்சுக் கொடுத்தவங்க பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினா சொந்தந்தானே” என்று சொல்லிவிட்டு, அவர்கள் வீட்டு வழக்கத்தில் பொங்கல் எப்படி வைப்பார்கள் என்று வெகுநேரம் பேசினார்.

பத்திரிகையில் மிஞ்சும் உறைகளை மொய்க் கவராக மாற்றுகிறேன். கடையில் விற்கும் கவர்கள் சிலதில் புது நோட்டு மடிக்காமல் போகாது. 500 ரூபாய் நோட்டு 150-க்கு 66 மில்லிமீட்டர். 200, 100 ரூபாய் நோட்டுகள் அகலம் அதேதான், நீளம் 146, 142. ஆகவே 17-க்கு 8 சென்டிமீட்டரில் கவர் வெட்டினால் எல்லாம் நிம்மதியாக உட்காரும். உறையை ஓரம் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடித்தால் பழைய முகவரி மறைந்துவிடும். மேலே ஒரு ரூபாய் நாணயத்துக்கு, ஜரிகைக் கரையில் சின்னப் பை ஒன்று தைத்துவிடுவேன். ஒற்றை ரூபாய் சேர்த்து 101, 501 என்று வைப்பதுதானே நம் வழக்கம். அந்த நாணயம் பசையில் பிசுபிசுத்து வருவதைவிட ஒரு பட்டுப் பையில் வருவது எவ்வளவு மரியாதை! வைக்கிறவர் பெயர் எழுத வெள்ளைத்தாள் துண்டு ஒட்ட மறக்காதீர்கள். மொய் எழுதும் மேசையில் இருப்பவருக்கு அது பெரிய உதவி.

சிலர் என்னிடம் இதற்கென்று என்னென்ன வாங்க வேண்டும் என்று பட்டியல் கேட்கிறார்கள். நான் பட்டியல் தருவதில்லை. மிச்சத்தில் செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டு, புதுச் சமிக்கி, புது வண்ணத்தாள், பூ வெட்டும் பஞ்ச் என்று பை நிறைய வாங்கினால், அடுத்த வருஷம் மிஞ்சுவதற்குத்தான் சாமான் சேர்கிறது. பசையும் தபால் தலையும் வாங்குங்கள். மற்றதற்கு வீட்டிலேயே தேடுங்கள். தைக்காதவர் வீட்டில் பட்டுத் துண்டு இருக்காது, ஆனால் கிழிந்த வேட்டிக் கரை இருக்கும், சட்டையோடு வந்த உபரிப் பொத்தான் இருக்கும், பிள்ளைகளின் பழைய வரைபட நோட்டு இருக்கும். அது யாருடையது என்று பார்த்து, அவருக்கோ அவரை நேசிக்கிறவருக்கோ அனுப்புங்கள். தாத்தாவின் வேட்டிக் கரை வைத்த ஓர் அட்டை, வெளியூரில் இருக்கும் அத்தைக்குப் போகட்டும்.

இந்த வருஷ அடுக்கை இறக்கிவிட்டேன். மாம்பழ மஞ்சள், ராமர் பச்சை, இரண்டு மூன்று அரக்கு. ஒரு பொண்ணு மட்டும் சாம்பல் நிறத்தில் வெள்ளி ஜரிகை எடுத்திருந்தாள். அவளுக்குப் பானையை எந்த நிறத் தாள் மேல் வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. கடுஞ்சிவப்பு எடுப்பாக இருக்கும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். தூரத்து ஊர்களுக்கு ஜனவரி முதல் வாரத்திலேயே போட்டுவிட வேண்டும், பொங்கலுக்கு முன்னால் கையில் இருக்க வேண்டும் அல்லவா. கல்யாணத்துக்குப் பிறகு வீடு மாறிய பொண்ணுகளின் புது முகவரியையும் பின்கோடையும் அவர்கள் அம்மாக்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். எதற்கு என்று கேட்டால் மட்டும் சொல்வதில்லை.